தடுப்புக்கட்டை பிறந்த கதை

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் மடிக்கணினிகளுக்கு ஆயுள் கெட்டி. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்தவை சில வீடுகளில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. பேட்டரி போய், சார்ஜர் வயரில் டேப் சுற்றி, ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், இருந்தாலும் ஓடும். சீசனுக்கு வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுச்செல்லும் பழைய மெஷின்களும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். எதை எடுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனாலும் பதில் ஒன்றுதான்: "விண்டோஸ் இனிமே இதுல தாங்காது சார், லினக்ஸ் போட்டுத் தர்றேன்." யோசித்தால் அடுத்த வசனம் வரும்: "உலகத்துல உள்ள சூப்பர் கம்ப்யூட்டர் அத்தனையும் லினக்ஸ்லதான் ஓடுது. இது ஓடாதா?"

வசனத்தின் முதல் பாதியில் குற்றம் சொல்ல முடியாது. உலகின் மிக வேகமான 500 கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் ஆண்டுதோறும் ஜூனிலும் நவம்பரிலும் வெளியாகிறது. 2017 நவம்பரிலிருந்து அதிலுள்ள 500 கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இரண்டாம் பாதியைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கணினிகளில் லினக்ஸ் ஓடுவதால் செங்கம் சாலை மடிக்கணினிக்கு ஏதாவது கிடைத்ததா? கிடைத்தது என்றால் எது, எப்போது, யார் கை வழியாக?

பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்விக்கு விடிவு கிடையாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது பிறந்த இடத்திலிருந்து பின்தொடர்வது மேல். அப்படி ஒரு பொருள் இருக்கிறது, ஜாதகத்தோடு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சிபியூசெட் என்றொரு கோப்பு உண்டு. எழுதியவர்கள் அதன் தலையிலேயே குறிப்பு வைத்திருக்கிறார்கள். 2003 அக்டோபர் 10 அன்று சைமன் டெர் எழுதியது. 2004 மே முதல் ஜூலை வரை பால் ஜாக்சன் திருத்தி அமைத்தது. 2006இல் பால் மெனாஜ் மறுபடி மாற்றியது. பதிப்புரிமை வரியில் மூன்று நிறுவனங்கள்: பிரான்ஸின் புல், அமெரிக்காவின் சிலிக்கான் கிராஃபிக்ஸ், கூகுள். முதல் இரண்டும் சூப்பர் கம்ப்யூட்டர் செய்தவை. மூன்றாவது எதற்காக நுழைந்தது என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

ஆனால் லினக்ஸ் அந்தப் பெரிய அறைகளுக்குள் போன வழியை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஏறிப்போனது நம் மேசையிலிருந்து. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியது வீட்டிலிருந்த ஒரு 386 பிசியில். 1994இல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர் கடையில் கிடைக்கும் 486 பிசிக்கள் 16ஐ சாதாரண ஈதர்நெட் வயரால் கோத்து, லினக்ஸ் போட்டு, ஒரே கணினியைப் போல வேலை வாங்கினார்கள். பியோவுல்ஃப் என்று பெயர். கோடிகளில் விலை பேசிய நிறுவனங்களின் வேலையை, சந்தையில் கிடைக்கும் பெட்டிகளைக் கொண்டு செய்துவிடலாம் என்று காட்டிய முயற்சி அது. இதில் பெக்கர் செய்த ஒரு காரியம் மேசைக்கு நேராகத் திரும்பி வந்தது. ஈதர்நெட் அட்டைகளுக்கான டிரைவர்களை அவர் லினக்ஸுக்காக வரிசையாக எழுதித் தள்ளினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டு நெட்வொர்க் வயரைச் சொருகியதும் வேலை செய்ததென்றால், பல அட்டைகளுக்கு அவருடைய டிரைவர்தான் காரணம். சர்வீஸ் கடைக்காரருக்கு இதில் ஒரு மதிப்பெண் போட்டுவிடலாம்.

தமிழ்நாட்டிலும் இதே வழியில் ஒன்று பிறந்தது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் கப்ரு என்ற கணினித் தொகுதியைக் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் சில்லுகள் உள்ள 144 கணினிகள், அவற்றை இணைக்க விரைவான வலைப்பின்னல், மேலே லினக்ஸ். அணுக்கருவுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைக்கும் விசையைக் கணக்கிடுவதற்காகக் கட்டியது. அந்த ஆண்டு ஜூன் டாப்500 பட்டியலில் அது இடம் பிடித்தது. இதோடு ஒப்பிட, நம் நாட்டின் புகழ்பெற்ற பரம் வரிசை அப்போது லினக்ஸ் பக்கம் முழுதாக வரவில்லை. 1998இன் பரம் 10000 சன் நிறுவனத்தின் சொலாரிஸிலும், 2003இல் பட்டியலில் ஏறிய பரம் பத்மா ஐபிஎம்மின் ஏஐஎக்ஸிலும் ஓடின. பரமைச் செய்த சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவுதான் 2007 ஜனவரியில் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு இன்னொரு பக்கமாக வந்த அதே பாஸ். இரண்டுக்கும் தாய் வீடு ஒன்று என்பதால் பரமின் பலம் பாஸுக்குள் இறங்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பாஸின் பலமெல்லாம் டெபியனின் பலம். உலகெங்கும் சம்பளம் இல்லாமல் உழைக்கும் ஆர்வலர்கள் தொகுக்கும் டெபியனை எடுத்து, இந்திய மொழிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஏற்றபடி அமைத்ததுதான் பாஸ். தாய் வீட்டுச் சீதனம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

இனி சிபியூசெட்.

2003 வாக்கில் புல், சிலிக்கான் கிராஃபிக்ஸ் இரண்டும் பியோவுல்ஃபுக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தன. சின்னக் கணினிகளை வயரால் கோப்பதை விட்டுவிட்டு, பல பிராசசர்கள் கொண்ட ஒரே பெரிய கணினி, அதன் மேல் ஒரே ஒரு லினக்ஸ். இத்தகைய கணினியில் மெமரி ஒரே இடத்தில் இருக்காது. பிராசசர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் பகுதி பகுதியாகப் பிரிந்து கிடக்கும். எந்த பிராசசரும் எந்த மெமரியையும் தொடலாம்; பக்கத்தில் உள்ளதைத் தொட்டால் சீக்கிரம், தூரத்தில் உள்ளதைத் தொட்டால் தாமதம். அங்கே ஒரு விஞ்ஞானி 64 பிராசசர் கேட்கும் கணக்கை ஓட்டுகிறார். இன்னொருவர் வேறொரு கணக்கை ஓட்டுகிறார். இரண்டாமவரின் வேலைகளில் ஒன்று தப்பி வந்து முதலாமவரின் ஒரு பிராசசரில் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? 64இல் ஒன்று பிந்தும். இது காலடிக்குக் காலடி ஒருவருக்கொருவர் விடை சொல்லி நகரும் கணக்கு. ஒன்று பிந்தினால் மற்ற 63ம் சும்மா நிற்கும். நாட்கணக்கில் ஓடும் வேலையில் இது பெரிய நஷ்டம். அதே கணக்கு முதல் நாள் ஒரு நேரமும் மறுநாள் வேறு நேரமும் எடுக்கும், காரணமும் புரியாது.

கார்த்திகை தீபத்தன்று செங்கம் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தீர்வு தானாகவே தோன்றும். லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் சாலையில் சவுக்குக் கட்டைகளைக் கட்டி ஆம்புலன்ஸுக்கு ஒரு தடம், நடப்பவர்களுக்கு ஒரு தடம் என்று போலீஸ் பிரித்துவிடும். சாலை அகலமாவதில்லை. யாரால் யாருக்குத் தாமதம் என்பது மட்டும் மாறும். சைமன் டெர் எழுதியது அந்தத் தடுப்புக்கட்டையைத்தான். இன்ன வேலைக்கு இன்ன பிராசசர்கள், இன்ன மெமரிப் பகுதிகள். அதிலிருந்து வெளியே போகவும் கூடாது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவும் கூடாது.

அதைச் செயல்படுத்திய விதம் அழகு. புதிய கட்டளை எதையும் கற்க வேண்டியதில்லை. ஒரு ஃபோல்டர் உருவாக்கினால் ஒரு குழு பிறக்கும். அதற்குள் இருக்கும் கோப்பில் பிராசசர் எண்களை எழுதினால் அவை அந்தக் குழுவுக்கு. இன்னொரு கோப்பில் வேலையின் எண்ணை எழுதினால் அது அந்தக் குழுவுக்குள் போய்விடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டால் பெரிய ஒதுக்கீட்டுக்குள் சின்ன ஒதுக்கீடு. பின்னால் வந்தவர்கள் இந்த ஃபோல்டர் யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சிலிக்கான் கிராஃபிக்ஸின் பால் ஜாக்சன் இதைத் திருத்தி அமைத்த 2004 கோடையில் அந்த நிறுவனத்தின் ஆல்டிக்ஸ் கணினிகள் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே முதலில் நிறுவிய 512 பிராசசர் கணினிக்கு, 2003இல் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியபோது இறந்த கல்பனா சாவ்லாவின் நினைவாக 'கல்பனா' என்று பெயரிட்டார்கள். அதுபோல் 20 கணினிகள் சேர்ந்து, 10,240 பிராசசர்களோடு, கொலம்பியா என்ற பெயரில் 2004 நவம்பர் பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தன. 2006 ஜூன் பட்டியலில் கொலம்பியா 4ஆம் இடம்; 5ஆம் இடத்தில் பிரான்ஸின் அணுசக்தி ஆணையத்துக்காக புல் கட்டிய டெரா-10. சிபியூசெட்டைப் பெற்றவரும் வளர்த்தவரும் வேலை பார்த்த இரண்டு நிறுவனங்களின் கணினிகள் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

2005 ஜூனில் வெளியான 2.6.12 கெர்னலில் சிபியூசெட் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. சாதாரணக் கணினிக்கு அப்போது அதனால் தம்படிப் பயன் இல்லை. இரண்டு கோர் உள்ள சில்லுகள் வீட்டுக் கணினிக்குள் நுழைந்ததே அந்த ஆண்டுதான். ஒரு பிராசசரை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது? பயன் என்று ஒன்று இருந்தால் மறைமுகமாகத்தான். 512 பிராசசர்களில் ஒரே லினக்ஸ் ஓட வேண்டுமென்று ஒரே தகவலைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்கும் பூட்டுகளைப் பிரித்துப் பிரித்துச் சீர்செய்து வைத்திருந்ததால், இரண்டு கோர் வந்தபோது அது திணறவில்லை.

மேசைக்காரர்களின் மனக்குறையும் இந்தச் சமயத்தில்தான் உரக்கக் கேட்டது. அதைச் சொன்னவர் ஒரு மருத்துவர். ஆஸ்திரேலியாவின் கான் கொலிவாஸ் தொழிலால் மயக்க மருந்து நிபுணர். ஓய்வு நேரத்தில் கெர்னலின் ஷெட்யூலரை, அதாவது எந்த வேலைக்கு எப்போது பிராசசர் என்று முறை வைக்கும் பகுதியை, திருத்திக்கொண்டிருந்தவர். கெர்னல் எழுதுவோருக்குச் சம்பளம் கொடுப்பவை பெரிய நிறுவனங்கள். அவற்றுக்கு வேண்டியது பெரிய கணினிகளில் வேகம். பாட்டு கேட்டுக்கொண்டே படம் நகர்த்தும் சாதாரண ஆளின் விக்கலை அளக்கக்கூட அவர்களிடம் கருவி இல்லை என்பது அவர் வாதம். 2007இல் எல்லா வேலைக்கும் சம பங்கு என்ற அடிப்படையில் அவர் ஒரு ஷெட்யூலர் எழுதினார். அதே அடிப்படையில் இங்கோ மோல்னார் வேறொன்றை எழுத, அந்த அக்டோபரில் வந்த 2.6.23இல் மோல்னாருடையது சேர்ந்தது. கொலிவாஸ் அதற்கு முன்பே, ஜூலையில், விலகிப் போயிருந்தார். 2009இல் திரும்பி வந்து, 4096 பிராசசர் கனவுகளை விட்டுவிட்டு மேசைக் கணினிக்கு மட்டுமான ஒன்றை எழுதி வெளியிட்டார். அது கெர்னலில் சேரவில்லை. என் கணக்கில் அவர் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். அவர் தோற்ற இடத்திலேயே வேறு யாரோ வேறு காரணத்துக்காக மேசைக்குக் கொஞ்சம் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது இன்னொரு நியாயம்.

அந்த வேறு யாரோ கூகுள். கூகுளின் கவலை விஞ்ஞானக் கணக்கு அல்ல, வாடகை. ஆயிரக்கணக்கான கணினிகளில் தேடல், அஞ்சல் என்று பல வேலைகளை ஒரே பெட்டிக்குள் நெருக்கி ஓட்டினால் பெட்டிச் செலவு குறையும். ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2006இல் பால் மெனாஜும் ரோஹித் சேத்தும் இதில் இறங்கினார்கள். மெனாஜ் சிபியூசெட்டின் ஃபோல்டர் அமைப்பைப் பிரித்தெடுத்து, பிராசசர் என்று மட்டும் இல்லாமல் எதை வேண்டுமானாலும் குழுவுக்குக் குழு பங்கிடலாம் என்று பொதுவாக்கினார். சிகுரூப் என்ற பெயரில் 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலில் அது வந்தது.

எதைப் பங்கிடுவது என்ற பகுதியில் இரண்டு முக்கியமான துண்டுகளை எழுதியவர்கள் ஐபிஎம்மின் இந்தியப் பிரிவில் இருந்தார்கள். பிராசசர் நேரத்தைக் குழுவுக்குக் குழு பிரிப்பதை ஸ்ரீவத்ச வத்தகிரி எழுதினார், அதே 2.6.24இல். மெமரிக்கு வரம்பு கட்டுவதை பல்பீர் சிங் எழுதத் தொடங்கினார். அது வந்தது அடுத்த கெர்னலான 2.6.25இல். ஐபிஎம்மின் லினக்ஸ் வேலை இங்கே நடந்தது பெங்களூருவில். ஆசிரம வாசலைத் தாண்டிப் போகும் அதே சாலை செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போய்ச் சேரும் ஊர். சுமார் 200 கிலோமீட்டர். வத்தகிரி, பல்பீர் சிங் என்ற இரண்டு பெயர்களும் கெர்னல் கோப்புகளின் தலைப்பில் இருக்கின்றன. நம் பாடப்புத்தகங்களில் பரமைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். இவர்களைப் பற்றி ஒரு வரியும் நான் பார்த்ததில்லை.

இதுவரை மேசைக்காரர் கணக்கில் யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கணக்கில் வந்தது 2010 நவம்பரில். மைக் கால்பிரெய்த் சுமார் 200 வரியில் ஒரு திருத்தம் அனுப்பினார். பிரச்சினை இது: ஒருவர் ஒரு பக்கம் 64 வேலையாகப் பிரித்து கெர்னலைத் தொகுக்கிறார், இன்னொரு பக்கம் வீடியோ பார்க்கிறார். எல்லாருக்கும் சம பங்கு என்றால் வீடியோவுக்கு 65இல் 1 பங்குதான், படம் தடுக்கும். தொகுப்பு வேலைகள் அத்தனையையும் தானாகவே ஒரு குழுவாக்கி, வீடியோவை இன்னொரு குழுவாக்கினால் ஆளுக்குப் பாதி. வத்தகிரி போட்ட தளத்தின் மேல் அது சுலபமாக உட்கார்ந்தது. லினஸ் மகிழ்ந்துபோனார்; 2011 மார்ச்சில் 2.6.38இல் சேர்ந்தது. செய்திகளில் அற்புதத் திருத்தம் என்று கொண்டாடினார்கள். கொஞ்சம் அதிகப்படி. டெர்மினலில் கெர்னல் தொகுப்பவருக்கு அது அற்புதம். கல்லூரிக்கு அசைன்மென்ட் டைப் அடிக்கும் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. அவர் திறக்கும் பிரவுசரும் டைப் அடிக்கும் செயலியும் பெரும்பாலும் ஒரே குழுவில்தான் கிடக்கும்.

அவருக்குப் பயன் வந்தது மெமரி வழியாக, இன்னும் பல ஆண்டுகள் கழித்து. 2 ஜிபி மெமரி உள்ள பழைய மடிக்கணினி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசசர் அல்ல. பிரவுசரில் ஏழெட்டு டேப். மெமரி தீர்ந்ததும் டிஸ்க் கதற ஆரம்பிக்கும், மவுஸ் அம்பு உறையும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழி இருக்காது. 2010இல் தொடங்கிய சிஸ்டம்டி, கணினி எழும்போதே எல்லாச் சேவைகளையும் சிகுரூப்களாகப் பிரித்து வைத்தது. 2015இல் டெபியன் 8 அதை இயல்பாக ஏற்றது. பிறகு க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்கள் திறக்கும் ஒவ்வொரு செயலியையும் தனிக் குழுவில் தொடங்கின. மெமரி நெருக்கடி முற்றுவதற்குள் எந்தக் குழு தின்கிறது என்று பார்த்து அதை மட்டும் மூடும் கருவி ஃபேஸ்புக்கின் சர்வர்களுக்காகப் பிறந்து, சிஸ்டம்டிக்குள் வந்து, 2021இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸில் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. பிரவுசர் மட்டும் மூடும்; பாதி அடித்த அசைன்மென்ட் திரையில் நிற்கும். கடைக்காரர் போடும் லினக்ஸ் புதியதாகவும் இந்த ஏற்பாடு உள்ளதாகவும் இருந்தால் கிடைக்கும் லாபம் இது. ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் கிடைப்பதைவிடக் குறைவுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, விதை சூப்பர் கம்ப்யூட்டர் அறையில் விழுந்தது. ஆனால் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் வாடகைக் கவலை இல்லாதிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். சூப்பர் கம்ப்யூட்டரில் இல்லாத பொருளுக்கு அங்கிருந்து எதுவும் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பிரிண்டர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, மூடியை மூடினால் தூங்கவேண்டிய அவசியம் கிடையாது. கணித அறிவியல் நிறுவனத்தின் கப்ரு தமிழில் தட்டச்சு செய்ததும் இல்லை. 1999இல் சென்னை மாநாட்டில் உறுதியான தமிழ்99 விசைப்பலகை இன்று லினக்ஸில் வருவது பெரும்பாலும் எம்17என் என்ற நிரல் வழியாக. அது ஜப்பானின் ஒரு அரசு ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. எழுத்துருக்களும் மொழிபெயர்ப்பும் தன்னார்வலர்கள் இரவில் உட்கார்ந்து செய்தவை. விலையில்லா மடிக்கணினியில் பாஸ் பக்கத்தைத் திறந்துபார்த்த பிள்ளைகளை நான் அதிகம் சந்திக்கவில்லை. திறந்த சிலரும் பிராசசர் வேகம் போதவில்லை என்று விண்டோஸுக்குத் திரும்பவில்லை. பிரவுசிங் சென்டரில் ஃபைல் திறக்கவில்லை, பிரிண்டர் பேசவில்லை, கல்லூரியில் கேட்ட மென்பொருள் இல்லை. டாப்500 பட்டியலில் இவற்றுக்குப் பதில் கிடையாது.

சிபியூசெட்டின் வாரிசுகள் இப்படிப் பிரபலமாகிக்கொண்டிருக்க, பழைய சிபியூசெட் வேறொரு வழியில் வெளியே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். போன் சில்லுகளில் வேகமான கோர்களும், வேகம் குறைந்து பேட்டரியை மிச்சம் பிடிக்கும் கோர்களும் கலந்திருக்கும். ஆண்ட்ராய்டு தன் செயலிகளைச் சில சிபியூசெட் குழுக்களாகப் பிரித்துவைக்கிறது: திரையில் இருப்பதற்கு டாப்-ஆப், மறைந்து ஓடுவதற்கு பேக்ரவுண்ட், இப்படி. கேமராவைத் திறந்ததும் அது டாப்-ஆப் குழுவுக்குப் போகும், வேகமான கோர்கள் கிடைக்கும். பின்னால் போன வாட்ஸ்அப் பேக்ரவுண்ட் குழுவுக்கு இறங்கும். அந்தக் குழுவின் கோப்பில் சின்ன கோர்களின் எண்கள் மட்டுமே எழுதியிருக்கும். ஃபோல்டர், அதற்குள் எண் எழுதிய கோப்பு என்று சூப்பர் கம்ப்யூட்டர்களுக்காக வகுத்த அதே முறை. கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவர் வைத்திருக்கும் போனிலும் அது ஓடுகிறது. லினக்ஸ் போட்டுத் தரவா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.